இல்லம் புகுந்த விரைவிணையம்

ஒரு பொருளால் விளையும் நன்மை தீமைகளை ஆராயப் புகுவோர், அப்பொருள் யாது என்பதை முதற்கண் வரையறுத்துக் கொள்ளுதல் முறை. ஆயினும் ஈண்டு யாம் அம்முறையினின்று சிறிது விலகி, எமது அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறிய பின்னரே பொருளினுட் புகுவோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் கலாசாலைகள் அடைக்கப்பட்டபோது, யாமும் ஏனைய ஆசிரியர்களைப் போலவே இணையத்தின் வாயிலாகப் பாடஞ் சொல்லத் தலைப்பட்டோம். எம் மாணாக்கருள் ஒருவர் நாடோறும் களத்து மேட்டின்மீது அமர்ந்தே பாடங் கேட்டார். அவ்விடத்தன்றி அவ்வூரில் வேறெங்கும் கைபேசிக்கு அலை எட்டவில்லை. வீட்டிலிருந்த கைபேசியோ ஒன்றே. பள்ளியிற் பயின்ற அவர் தங்கைக்கும் அதே வேளையில் வகுப்பு. தமையன் கைபேசியுடன் களத்து மேட்டிற்குச் செல்ல, தங்கை வாளா வீட்டில் இருந்தாள். ஈராண்டு கழிந்தபின் அவ்வூருக்கு ஒளியிழை வந்தது. அவ்வீட்டாரும் இணைப்பு வாங்கினர். பின்பு ஒருநாள் எம்மைக் காண வந்த அம்மாணவரை நோக்கி, "இனிக் குறையொன்றும் இல்லையே?" என்று வினவினோம். "வீட்டிற்கு இணையம் வந்துவிட்டது, ஐயா, தங்கைக்குத்தான் இன்னும் வரவில்லை" என்றார் அவர்.

அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. இழை வாயிலை அடைதல் வேறு. அதன் பயன் அகத்துறைவோர் அனைவரையும் அடைதல் வேறு. முன்னது அரசினரும் நிறுவனத்தாரும் செய்யற்பாலது. பின்னது நாமே செய்யற்பாலது. இவ்வேற்றுமையை விளக்குவதே எமது நோக்கம்.

வேகமும் அதன் அளவையும்

இணையத்திற் செல்லும் செய்தி எழுத்தாயினும், ஒலியாயினும், படமாயினும், சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளாக மாற்றப்பட்டுச் செல்கின்றது. அக்குறி ஒவ்வொன்றும் 'பிட்' எனப்படும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு 'பைட்'. ஒரு நொடியில் எத்தனை பிட்டுகள் வந்து சேர்கின்றன என்பதே இணைப்பின் வேகம். கோப்புகளின் பருமனோ பைட்டுகளால் அளக்கப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். நொடிக்கு 100 மெகாபிட் என்னும் விளம்பரத்தைக் கண்டு, 100 மெகாபைட் பருமனுள்ள கோப்பு ஒரு நொடியில் வந்துவிடும் என எண்ணுதல் பிழை. அதற்கு எட்டு நொடி வேண்டும்.

நம் நாட்டில் இணையச் சேவை பொதுமக்களுக்கு 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் திறந்துவிடப்பட்டது. அந்நாளில் தொலைபேசிக் கம்பி வழியே எண்ணைச் சுழற்றி இணைப்புப் பெறல் வேண்டும். இணையத்தில் இருக்கும்வரை அத்தொலைபேசியிற் பேசுதல் இயலாது. அவ்வகை மோடத்தின் வேகம் பிற்காலத்தில் உயர்ந்தும் நொடிக்கு 56 கிலோபிட்டைக் கடக்கவில்லை. பின்னர், 2004-ஆம் ஆண்டு இந்திய அரசினர் வகுத்த கொள்கையின்படி, 256 கிலோபிட் வேகமுடையதே 'பிராட்பேண்டு' எனப் பெயர் பெற்றது. அவ்வெல்லை 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

இவ்வெண்களின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பழைய தமிழ் நூலொன்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துத் தொகுத்த கோப்பு 30 மெகாபைட் பருமனுடையது எனக் கொள்வோம். 56 கிலோபிட் மோடத்தில் அது வந்து சேர 70 நிமிடத்திற்கு மேலாகும். 256 கிலோபிட்டில் ஏறத்தாழ 16 நிமிடம். 2 மெகாபிட்டில் 2 நிமிடம். 100 மெகாபிட்டிலோ இரண்டரை நொடிக்குள் வந்துவிடும். முன்னர் ஒரு நூலைப் பெறுமுன் 'இது நமக்கு வேண்டுமா?' என்று நாம் ஆராய்ந்தோம். இக்காலத்தே அவ்வாராய்ச்சிக்கு இடமேயில்லை. இதனை நினைவிற் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

ஒளியிழையின் இயல்பு

செம்புக் கம்பியில் மின்னலைகள் தொலைவு மிகமிகத் தேய்ந்துவிடும். ஆகவே தொலைபேசி நிலையத்திற்கு அணித்தாய வீட்டிற்கு வேகம் மிகுதியாகவும், சேய்மைக்கண் உள்ள வீட்டிற்குக் குறைவாகவும் கிடைத்தது. இக்குறையை நீக்கியது ஒளியிழை. மயிரினும் பெரிதும் தடிப்பில்லாத கண்ணாடி இழையினுள் ஒளி உட்பட்டுத் தெறித்துத் தெறித்துச் செல்லும் இயல்பே இதற்கு அடிப்படை.

1966-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்த சார்லஸ் காவ் என்னும் அறிஞர், கண்ணாடியிலுள்ள மாசுகளை அகற்றினால் ஒளியை நெடுந்தொலைவு செலுத்தலாம் என்று காட்டினார். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் புகுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கேனும் எஞ்சினால் போதும் என்பது அவர் வகுத்த எல்லை. 1970-இல் அவ்வெல்லை எட்டப்பட்டது. இந்நாளைய சிறந்த இழையில் ஒளி நூற்றில் ஒரு பங்காகக் குறைவதற்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்லல் வேண்டும். காவ் அவர்களுக்கு 2009-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

நிலையத்திலிருந்து புறப்படும் ஓரிழை தெருவில் பல கிளைகளாகப் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குச் செல்லுதல் பெருவழக்கு. ஆதலின், இழையின் மொத்த வேகத்தை அவ்வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. மாலை வேளையில் எல்லோரும் ஒருங்கே படம் காணத் தொடங்குங்கால் வேகம் தளர்தற்கு இதுவும் ஒரு காரணம்.

நலன்கள்

இங்ஙனம் வந்த விரைவிணையத்தால் இல்லம் பெறும் நலன்கள் பல. அவற்றுள் தலையாயது, நூலகம் இல்லத்திற்கு வந்தமையே. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நன்னாளில் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதலாகத் தமிழ் நூல்களை எவரும் கட்டணமின்றிப் பெறுமாறு இணையத்தில் வைத்துள்ளது. 2001-இல் நிறுவப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயருடன் அரிய நூல்களைத் திரட்டி வழங்குகின்றது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல்., 2017-இல் அரசினர் தொடங்கிய ஸ்வயம் ஆகியவற்றின் வாயிலாகப் பேராசிரியர்களின் விரிவுரைகளைச் சிற்றூரிலுள்ள மாணவரும் கேட்கலாம். எம் இளமையில் ஒரு நூலின் ஒரு படியைக் காண வேண்டி நாள் முழுதும் பயணஞ் செய்ததுண்டு; அந்நூல் இன்று எம் மாணவர் மேசைமேல் உளது.

அன்றியும், வெளியூர் செல்லவியலாத முதியோர் இல்லத்திருந்தவாறே மருத்துவரைக் கண்டு பேசுகின்றனர். கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்கள் தம் பெற்றோரை நாடோறும் முகம் நோக்கி உரையாடுகின்றனர். தையல், பதிப்பு, மொழிபெயர்ப்பு, கணக்கெழுதுதல் முதலிய தொழில்களை மகளிர் பலர் வீட்டிலிருந்தே நடத்துகின்றனர்.

இதனை வெறும் வசதி எனக் கொள்ளாது, உரிமையென்றே நீதிமன்றமும் கூறியுள்ளது. விடுதியிற் கைபேசி பயன்படுத்துதற்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து மாணவியொருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறுதல் கல்வி உரிமையின் பாற்படும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு வழங்குவதை நோக்கமாகக் கொண்ட கே-ஃபான் என்னும் திட்டத்தை அம்மாநில அரசினர் 2023 ஜூனில் தொடங்கினர்.

இடர்கள்

நிற்க. இனி இடர்களைக் கூறுவோம். முதலாவது, இழை இன்னும் எல்லா இல்லங்களையும் எட்டவில்லை. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஊராட்சிகளை இணைக்கும் தேசியத் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, 2015-இல் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் ஊராட்சி அலுவலகத்தின் வாயிலுக்கு வந்த இழை குடியானவன் வீட்டு வாயிலுக்குச் செல்லுதற்கு மாதக் கட்டணமும், கருவியும், பழுது பார்ப்போரும் வேண்டும்.

இரண்டாவது, மின்சாரத் தடை. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்னாற்றல் நிலையத்திலிருந்தே கம்பி வழியே வந்தது. ஒளியிழை மின்னைச் சுமப்பதன்று. ஆகையால் வீட்டில் மின்சாரம் நின்றால், இன்வெர்ட்டர் இல்லாத இல்லத்தில் இணையமும் நின்றுவிடும்.

மூன்றாவது, வீட்டினுள்ளேயே அலை சென்றடையாமை. வைஃபை அலைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஒருவாறு ஊடுருவும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமிக்கது. சுவர் இரண்டு குறுக்கிடின் பெரிதும் நலிந்துவிடும். நம் இல்லங்களில் இழை வாயிற்புறமாக வருதலின், ரௌட்டர் பெட்டியை முன்கூடத்திலேயே மாட்டிவிடுகின்றனர். அதன் முழுப்பயனும் முன்கூடத்தில் அமர்வோர்க்கே. பின்கட்டிலும் அடுக்களையிலும் இருப்போர் யாவர் என்பதை யாம் கூறவேண்டுவதில்லை.

நான்காவது, இதனோடு தொடர்புடைய பெருங்குறை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள ஆடவருள் எப்பொழுதேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர் நூற்றுக்கு 57. மகளிருள் நூற்றுக்கு 33 பேரே. இவ்விரு திறத்தாரும் வெவ்வேறு நாட்டினரல்லர். ஒரே கூரையின்கீழ் வாழ்பவர். ஆகவே இவ்வேற்றுமைக்குக் காரணம் இழையின் குறை மட்டுமன்று; மனையின் முறையுமாகும்.

ஐந்தாவது, காலக்கேடு. முன்னர்க் கூறியதை ஈண்டு நினைவுகூர்க. வேகங் குன்றியிருந்த நாளில் அக்குறைவே நமக்கு ஒரு வேலியாயிருந்தது. காத்திருத்தலின் வருத்தத்தால் வேண்டியதையே கேட்டோம். இன்றோ ஒரு படம் முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகின்றது. வேலி நீங்கியமையால், அதன் தொழிலை நம் மனமே ஏற்றல் வேண்டும்.

ஆறாவது, வஞ்சகர் வருகை. காவலர் போல உடை தரித்துக் காணொளியில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' செய்துள்ளோம் என முதியோரை அச்சுறுத்திப் பொருள் கவர்வோர் பெருகியுள்ளனர். அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பொருள் இழந்தோர் தாழாது 1930 என்னும் எண்ணிற்கு அறிவித்தல் வேண்டும். 18 வயது நிரம்பாதாரின் விவரங்களைப் பெறுதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. ஆயினும் இசைவு கொடுப்போர் எதற்கு இசைகின்றோம் என்பதை அறியாராயின் சட்டம் என் செய்யும்?

செயற்பாலன

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முதுமொழி. ஆறு போலப் பெருகி வரும் இணையத்திற்கும் அளவை வேண்டும். அவ்வளவை நான்கு.

ஒன்று: ரௌட்டர் பெட்டியை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைக்க. இரண்டு: கல்விக்கும் தொழிலுக்கும் உரிய நேரத்தை வீட்டார் கூடி வகுத்து, அந்நேரத்தில் அவற்றிற்கே முதலிடம் தருக. மூன்று: கருவியைப் பயன்படுத்தும் முறையைத் தாய்க்கும் பாட்டிக்கும் பொறுமையுடன் கற்பிக்க; அவர்க்காக நாமே செய்து முடித்தல் கற்பித்தலாகாது. நான்கு: வேகம் பெறுமுன் வினாவைப் பெறுக; எதைத் தேடுகின்றோம் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு இணையத்தைத் திறப்பவர், அதனை மூடவும் அறிவர்.

முதற்கண் கூறிய மாணவரிடம் யாம் உரைத்தவை முதலிரண்டே. அவர் பெட்டியை நடுக்கட்டிற்கு மாற்றினார். இரவு 7 மணி முதல் 9 மணி வரை தங்கைக்கென ஒதுக்கி, அந்நேரத்தில் அடுக்களை வேலையில் ஒரு பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டார். அதற்காகப் புதிய கம்பியோ கூடுதற் கட்டணமோ வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை எம்மைக் கண்டபோது, "இப்பொழுது தங்கைக்கும் வந்துவிட்டது, ஐயா" என்றார்.

இக்கலாசாலையிற் பயிலும் ஒவ்வொருவரும் விடுமுறைக்குத் தம் இல்லம் செல்லுங்கால், வாயிலில் வந்து நிற்கும் இழையை மட்டும் நோக்காது, பின்கட்டையும் ஒருமுறை நோக்குவாராக. ஆங்கு அதனை இன்னும் பெறாதார் ஒருவர் இருப்பாராயின், அவர்க்கு அதனைக் கொண்டு சேர்த்தல் கற்றோராகிய நம் கடன். இதுவே எமது வேண்டுகோள்.