மணம் நடத்தி வைப்பவர் யார்?

தமிழர் திருமணம் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் நாம் முதலில் எடுத்துக்கொள்வது நல்லாவூர் கிழாரின் அகநானூற்று 86 ஆம் பாடலையே. உளுந்துப் பொங்கல் உண்டு. மணல் பரப்பிய பந்தல் உண்டு. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுவர். தீ வளர்த்து மந்திரம் ஓதுவோர் அங்கு இல்லை. இதைப் பாடமாகச் சொல்வது எளிது. சவ்வாது மலைப் புதூர்நாட்டைச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் வந்து, "ஐயா, எங்க கல்யாணத்தை நீங்கதான் நடத்தி வைக்கணும்" என்றபோதுதான் நாம் சட்டநூலைத் தேடலானோம். அவர் வீட்டுப் பெரியவர்களின் ஐயம் நியாயமானது: வாத்தியார் நடத்தி வைத்த மணம் நாளை நிலப்பங்குக்கும் வாரிசுச் சான்றுக்கும் செல்லுமா?

இவ்வையம் தமிழகத்திற்குப் புதியதன்று. புரோகிதரை விலக்கிய சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் இறுதியிலிருந்தே நடந்துவந்தன. எனினும் 1953 இல், தெய்வானை ஆச்சி - சிதம்பரம் செட்டியார் வழக்கில், அத்தகைய மணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரானபின் வந்த 1967 ஆம் ஆண்டுத் திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்து இக்குறையைக் களைந்தது. முன்னர் நடந்த மணங்களையும் அது காத்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தாம் அறிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும். அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். நடத்தி வைப்பவருக்கு எத்தகுதியும் கேட்கப்படவில்லை. வழக்கறிஞர் தம் அறையில் நடத்தி வைக்கும் மணம் செல்லாது என்று 2014 இல் உயர்நீதிமன்றம் கூறியது. 2023 இல் இளவரசன் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, அவர் நண்பராகவோ உறவினராகவோ நின்று நடத்தி வைக்கலாம் என்றது.

நம் இல்லங்களிலும் நிலை பெரிதும் வேறன்று. நிக்காஹ் என்பது ஒப்பந்தம். ஈஜாபும் கபூலும் சாட்சிகளும் மஹரும் அதன் உறுப்புகள். காஜியார் வருகை மரபே தவிர நிபந்தனையன்று. 1880 ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. பலர் இதை அறியார்!

ஆனால் புதூர்நாட்டிற்கு 7-அ பிரிவை அப்படியே கொண்டுபோக இயலாது என்பதை நாம் பின்னரே கண்டோம். நம் மாணவரும் மணமகளும் மலையாளிப் பழங்குடியினர். மைய அரசு அறிவிக்கை செய்தாலன்றி இந்துத் திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினரைத் தீண்டாது என அதன் 2(2) பிரிவு கூறுகிறது. அவர்தம் மணத்திற்கு ஆதாரம் அவர்தம் வழக்காறே. வழக்கு என்று வந்தால் அவ்வழக்காற்றைச் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். ஊரார் அறிந்த சடங்கை விட்டுவிட்டு ஆசிரியர் ஒருவர் தாலியெடுத்துக் கொடுத்தார் என்றால், எவ்வழக்காற்றை யார் மெய்ப்பிப்பது? பழகிய சடங்கு வேண்டாம் என்பார்க்கு 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பும், திருமண அலுவலரும், மூன்று சாட்சிகளும் வேண்டும்.

ஆகவே மாணவரிடம் நாம் சொன்னது இதுதான்: சடங்கை ஊர்ப் பெரியவர்கள் தம் முறைப்படி நடத்தட்டும், அதன்பின் வாழ்த்துரைக்கு நம்மை அழையுங்கள். 2009 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் வழக்காற்று மணங்களையும் உள்ளடக்குவதால், தொண்ணூறு நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பதிவு சான்றாகுமேயன்றி, நடவாத மணத்தை நடந்ததாக ஆக்கிவிடாது; 2024 இல் டாலி ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

மாணவருக்குச் சற்று மனக்குறைதான். பெரியவர்கள் மகிழ்ந்தனர். நாம் மலையேறிச் சென்று பந்தலில் அமர்ந்து வாழ்த்தினோம். பின்னொரு நாள் பதிவு அலுவலகத்திலும் சாட்சியாகக் கையொப்பமிட்டோம்.