பித்தப்பைக் கல்லும் சர்க்கரை நோயும்

9-ஆம் வகுப்பில் செரிமான மண்டலம் நடத்தும்போது பித்தநீரைச் சொல்கிறோம். 10-ஆம் வகுப்பில் லாங்கர்ஹான் திட்டுகளையும் இன்சுலினையும் நடத்துகிறோம். ஓராண்டு இடைவெளியில் வரும் இவ்விரு பாடங்களையும் மாணவர்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆனால் உடலுக்குள் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

கல்லீரல் சுரக்கும் பித்தநீர், பித்தப்பையில் தங்கிச் செறிவடைகிறது. கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடைந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. பித்தநீரிலுள்ள கொலஸ்ட்ராலைக் கரைந்த நிலையில் வைத்திருப்பவை பித்த உப்புகள். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அப்போது கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் கலந்துவிடுகிறது. பல ஆண்டுகள் நீடித்த சர்க்கரை, தானியங்கு நரம்புகளையும் பாதிப்பதால் பித்தப்பை முழுமையாகச் சுருங்காது. கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு அசையாமல் வைத்தால் கற்கண்டு விளைகிறதே, ஏறக்குறைய அதே கதைதான். செறிவும் தேக்கமும் சேர்ந்தால் படிகம் தோன்றும். வகுப்பில் இதைச் செய்து காட்டலாம்.

நீரிழிவு உள்ள எல்லோருக்கும் கல் வருவதில்லை. தென்னிந்தியாவில் பிலிரூபின் கலந்த நிறமிக் கற்களும் கணிசமாகக் காணப்படுவதால், எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போடவும் முடியாது. ஆயினும் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவர்களில் நம் ஆசிரியர் அறையில் இருப்பவர்களும் உண்டு.

வலது மேல்வயிற்றிலோ நெஞ்சுக்குழியிலோ சாப்பிட்ட பின் வலி எழுந்து முதுகுக்கும் வலது தோளுக்கும் பரவினால், 'கேஸ்தான் சார்' என்று சோடா குடித்துவிட்டு அடுத்த பீரியடுக்குப் போகிறோம். எங்கள் மாங்காட்டுப் பக்கத்தில் கல் என்றாலே வாழைத்தண்டுச் சாறுதான். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வைத்தியம். சிறுநீர் போகும் பாதையில் பித்தப்பை இல்லவே இல்லை. இந்த வேறுபாட்டைப் படம் வரைந்து காட்டினால் பிள்ளைகள் வீட்டிலும் போய்ச் சொல்வார்கள்.

நீரிழிவு உள்ளவருக்குப் பித்தப்பையில் தொற்று ஏற்பட்டால் வலி குறைவாகத் தெரியலாம்; உள்ளே திசு அழுகும் அளவுக்கும் முற்றலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல் இவற்றில் ஒன்று வலியுடன் சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாறாக, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, தொல்லை தராத கல்லுக்குப் பெரும்பாலும் உடனடி அறுவை தேவைப்படாது. மருத்துவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. அதைப் பரிமாறும்போது உடன் நிற்கும் நம்மில் பலர் வெறும் காப்பியோடு வந்தவர்கள்! நெடுநேரப் பட்டினி பித்தநீரைத் தேங்க வைக்கும். மாத்திரை போடுபவருக்குச் சர்க்கரை தாழ்நிலைக்கும் இறங்கலாம். வேகமாக எடை குறைக்கும் கடும் பத்தியமும் கல்லை உண்டாக்கும்.

10-ஆம் வகுப்பில் ஹார்மோன் பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: முதல் நாள் இரவு சாப்பிட்டவர் மறுநாள் மதியம்வரை எதுவும் உண்ணவில்லை, அதுவரை அவர் பித்தப்பையில் என்ன நடந்திருக்கும்?