ஏலக்காய் விலையும் நியூட்ரினோ கணக்கும்

கேள்வி: போடி மின்னணு ஏலத்தின் ஏலக்காய் விலைகளை வைத்து ஆய்வு செய்கிறேன். எக்செல் கோப்புகள் பெருகி, எது சரியான கணக்கு என்றே தெரியவில்லை. என்ன செய்ய?
– ஆய்வு மாணவி, பொட்டிபுரம்

பதில்: உங்கள் ஊர் மலைக்குள் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தையே பாருங்கள். 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தும் குகை வெட்டவில்லை. ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அங்கே வைக்கத் திட்டமிட்ட 50,000 டன் இரும்புக் கருவிக்கான கணினி வேலை, மூன்று மென்பொருள்களில் நடந்தது. நியூட்ரினோ மோதலைக் கணினியில் பாவனையாக உருவாக்க நுவான்ஸ், துகள் இரும்பைக் கடக்கும் பாதைக்கு ஜியான்ட்4, பகுப்பாய்வுக்கு ரூட். ஒன்றின் விடை அடுத்ததற்கு உள்ளீடு. இடையில் தவறு தெரிந்தால் அந்தப் படியிலிருந்து மட்டும் மறுபடி ஓட்டலாம்.

நீங்களும் ஸ்பைசஸ் போர்டு வெளியிடும் விலைப் பட்டியலை இறக்கியபடியே ஒரு கோப்புறையில் பூட்டிவையுங்கள். அதில் கை வைக்காதீர்கள். திருத்தம் எல்லாம் பைத்தான் நிரலில் நடக்கட்டும், நிரல், மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' (Git) மென்பொருளில் இருக்கட்டும். 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்டதே, அதைத் தட்டச்சுப் பிழை என்று எக்செலில் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நிரலில் அழித்தால் அந்த வரி உங்கள் நெறியாளர் கண்ணில் படும். 'ஃபைனல்_புதுசு_2' என்று கோப்புக்குப் பெயர் வைப்பதை இன்றே விடுங்கள்.