மூளை இரத்தக்குழாய்க் குறைபாடுகளும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்: முக்கியக் குறிப்புகள்

எம்.ஆர்.ஐ.: அடிப்படை

- விரிவு: காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கல். உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் (புரோட்டான்) சைகையே படமாகிறது.
- பயன்படுபவை: வலுவான காந்தப்புலம், ரேடியோ அலைகள். எக்ஸ் கதிர் இல்லை. அயனியாக்கும் கதிர்வீச்சும் இல்லை. "எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதிர்வீச்சு பாதிக்கும்" என்ற கூற்று தவறு.
- காந்தப்புலத்தின் அலகு டெஸ்லா. 1 டெஸ்லா = 10,000 காஸ். மருத்துவமனைகளில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா கருவிகள்.
- கருவியின் மீகடத்திக் கம்பிச்சுருள் நியோபியம்–டைட்டானியம் உலோகக் கலவையால் ஆனது. அதைக் குளிர்விப்பது திரவ ஹீலியம் (சுமார் −269 டிகிரி செல்சியஸ்).

ஆண்டுகளும் அறிஞர்களும்

- 1927: எகாஸ் மோனிஸ் (போர்ச்சுகல்), மூளை ஆஞ்சியோகிராம். இவருக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல; லூகாட்டமி அறுவை சிகிச்சைக்காக. அடிக்கடி குழப்பும் இடம்.
- 1936: லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல். ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் டயாகாந்தத் தன்மையும், ஆக்சிஜன் இழந்தது பாராகாந்தத் தன்மையும் கொண்டது எனக் கண்டறிந்தனர்.
- 1952: பெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்காக இயற்பியல் நோபல்.
- 2003: பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு. எம்.ஆர்.ஐ.-க்காக மருத்துவ நோபல்.

எந்தப் பதிவு எதைக் காட்டும்?

எம்.ஆர்.ஐ. இரத்தக்குழாயை அடையாளம் காண்பது முக்கியமாக இரண்டு வழிகளில்: இரத்தத்தின் ஓட்டம், இரத்தத்திலுள்ள இரும்பு. இந்த இரண்டும் புரிந்தால் கீழுள்ள எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

- டி2 பதிவு: வேகமாக ஓடும் இரத்தம், சைகை தருவதற்கு முன்பே அந்தத் தளத்தைக் கடந்துவிடும். ஆகவே குழாய் கருமையாகத் தெரியும்.
- டைம் ஆஃப் ஃபிளைட் ஆஞ்சியோகிராம்: அசையாத திசுவின் சைகை அடக்கப்படும், புதிதாக நுழையும் இரத்தம் வெண்மையாக ஒளிரும். மாறுபாட்டு மருந்து ஊசி தேவையில்லை.
- எஸ்.டபிள்யூ.ஐ. (காந்த ஏற்புத்திறன் சார்ந்த) பதிவு: ஆக்சிஜன் இழந்த இரத்தம், பழைய கசிவின் இரும்புப் படிவு (ஹீமோசிடரின்) ஆகியவை கருமையாகத் தெரியும்.
- காடோலினியம் (அணு எண் 64): பாராகாந்தத் தன்மையுள்ள மாறுபாட்டு மருந்து. சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கையுடன் தர வேண்டும்.

நான்கு குறைபாடுகள், நான்கு அடையாளங்கள்

1. தமனி–சிரைக் குறைபாடு (ஏ.வி.எம்.): தந்துகிகள் இல்லாமல் தமனி நேரடியாகச் சிரையுடன் இணையும். அந்தப் பின்னலுக்கு நைடஸ் என்று பெயர். டி2 பதிவில் கருமையான குழாய்க் கொத்து. ஆண்டுக்குச் சுமார் 2–4% இரத்தக்கசிவு வாய்ப்பு.
2. கேவர்னோமா: மெதுவான ஓட்டம், ஆஞ்சியோகிராமில் பொதுவாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ.-யில் பாப்கார்ன் போன்ற தோற்றம், சுற்றிலும் கரிய வளையம். வளையத்துக்குக் காரணம் ஹீமோசிடரின். குடும்ப வழி வகையில் 3 மரபணுக்கள்: சி.சி.எம்.1, 2, 3.
3. வளர்ச்சிநிலைச் சிரைக் குறைபாடு: நான்கில் அதிகம் காணப்படுவது. மாறுபாட்டு மருந்து செலுத்தியபின், பாம்புக்கூந்தல் கொண்ட மெடூசாவின் தலை போன்ற தோற்றம். பெரும்பாலும் சிகிச்சை வேண்டாம். இயல்பான மூளைப் பகுதியின் இரத்தம் இதன் வழியே வடிவதால் அகற்றுவது ஆபத்து.
4. தந்துகி விரிவு: பெரும்பாலும் மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில். டி2 பதிவில் தெரியாமல் போகலாம், எஸ்.டபிள்யூ.ஐ.-யில் கருமை.

ஸ்பெட்ஸ்லர்–மார்ட்டின் தரவரிசை (1986)

ஏ.வி.எம். அறுவை சிகிச்சையின் ஆபத்தை மதிப்பிட உதவுவது.

- அளவு: 3 செ.மீ.க்குக் குறைவு 1, 3–6 செ.மீ. 2, 6 செ.மீ.க்கு மேல் 3.
- பேச்சு, இயக்கம், பார்வை போன்ற முக்கியப் பகுதியில் இருந்தால் 1, இல்லையேல் 0.
- ஆழ்சிரை வடிகால் இருந்தால் 1, இல்லையேல் 0.
- மாதிரிக் கணக்கு: 4 செ.மீ. நைடஸ், பேச்சுப் பகுதி, மேற்பரப்புச் சிரை மட்டும். 2 + 1 + 0 = தரம் 3.

தவறவிடக் கூடாதவை

- திடீர்க் கடும் தலைவலியுடன் இரத்தக்கசிவு சந்தேகம் என்றால், வழக்கமாக முதலில் எடுப்பது சி.டி. ஸ்கேன். காரணம்: வேகம்.
- ஏ.வி.எம்.-இன் ஓட்ட விவரங்களை முழுமையாக அறிய இன்றும் உரைகல் டி.எஸ்.ஏ. (டிஜிட்டல் சப்ட்ராக்‌ஷன்) ஆஞ்சியோகிராம்.
- அரூபா ஆய்வு (லான்செட், 2014): வெடிக்காத ஏ.வி.எம். உள்ள பெரியவர்களில், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு, குறைபாட்டை அகற்றும் சிகிச்சையும் பெற்றவர்களைவிட, பக்கவாதம் அல்லது மரணம் நேர்வது குறைவு. கண்டறிந்தவுடன் அறுவை சிகிச்சை என்பது கட்டாயமல்ல.
- பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, பழைய அனூரிசம் கிளிப் ஆகியவை இருந்தால் ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன் சொல்லியாக வேண்டும். இது தேர்வுக்கான குறிப்பு மட்டுமல்ல, உயிர் காக்கும் விதி. வீட்டில் யாருக்காவது ஸ்கேன் என்றால் நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.