ஒப்படைக்குமுன் ஒருமுறை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதம்)

கட்டுரை எழுதுவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் பாதியையேனும், எழுதியதைத் திரும்பப் படிப்பதில் காட்டுகிறோமா? கடைசி நாள் இரவில் எழுதி, காலையில் ஆசிரியர் மேசைமேல் வைத்துவிட்டு வருவதே நம்மில் பலர் வழக்கம். நானும் அவ்வழியில் நடந்தவனே.

கணித மேதை இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது. 1911 இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. ஆனால் எழுதியவுடன் அது அச்சேறிவிடவில்லை. சொல்முறை மிகச் சுருக்கமாகவும் தெளிவின்றியும் இருந்ததால், இதழாசிரியர் நாராயண ஐயங்காருக்கும் இராமானுஜனுக்கும் இடையே கையெழுத்துப்படி மும்முறை போய்வந்தது. 1913 இல் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும், பகா எண்களின் எண்ணிக்கை பற்றிய கூற்று தவறாக இருந்தது. மேதைக்கே மறுபார்வை தேவைப்பட்டதென்றால் நாம் எம்மாத்திரம்!

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எழுதியதைப் படித்துத் திருத்தித் தர வீட்டில் ஒருவருமில்லையே என்பது என் நெடுநாள் குறை. சென்ற பருவத்தில் பகா எண்கள் பற்றிக் கட்டுரை எழுதினேன். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதனுடன் அவ்வெண்ணையும் 41 ஐயும் கூட்டினால் வருவது எப்போதும் பகா எண்ணே என்று அதில் எழுதியிருந்தேன். 0 முதல் 9 வரை போட்டுப் பார்த்தேன்; 41, 43, 47, 53 என எல்லாம் பகா எண்களாகவே வந்தன.

நத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எழுத்தறியாதவர். அவர் கேட்கும்படி உரக்கப் படித்தேன். "ஏப்பா, மூட்டையில மேலாக்கப் பத்துப் பழத்தைப் பாத்துட்டு, அடி வரைக்கும் நல்லதுன்னு எழுதிட்டியா?" என்றார்.

நான் திடுக்கிட்டேன். ஒவ்வோர் எண்ணாகப் போட்டுக்கொண்டே போனேன். 39 வரை பிழையில்லை. 40 இல் வந்தது 1681. அது 41 ஐ 41 ஆல் பெருக்கிய தொகை, பகா எண்ணன்று! அந்த வரியை அடித்துவிட்டு, 40 இல் அவ்விதி பொய்க்கிறது என்பதையே கட்டுரையின் முடிவாக எழுதினேன்.

அன்று முதல் மூன்று பழக்கங்களைக் கொண்டுள்ளேன்.

1. கேட்ட வினாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியும் அதற்குத்தான் விடையளிக்கிறதா எனப் பார்ப்பது.

2. 'எப்போதும்', 'எல்லாம்', 'ஆகவே' என்னும் சொற்களின் கீழ்க் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் சான்று தேடுவது.

3. உரக்கப் படிப்பது. கண் தாவிச் செல்லும் இடத்தில் நாக்கு இடறும்.

நண்பர்களே! திருத்தித் தர வீட்டில் ஆளில்லையென்று இனி நாம் வருந்த வேண்டா. கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும். அடுத்த கட்டுரையை ஒப்படைக்குமுன், ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோமாக!