அதிர்ஷ்டச் சீட்டும் ஓர் அட்டவணையும்

சோவியத் நாட்டில் பேருந்திலோ டிராம் வண்டியிலோ பயணச்சீட்டு வாங்கியதும் பலர் அதைக் கூட்டிப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. சீட்டில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும் கடைசி மூன்றின் கூட்டுத்தொகையும் சமமானால் அது அதிர்ஷ்டச் சீட்டு. 275482 என்ற எண்ணைப் பாருங்கள்: 2+7+5=14; 4+8+2=14. மனத்தில் ஒன்றை நினைத்து, அந்தச் சீட்டை மென்று விழுங்கினால் நினைத்தது நடக்குமாம்! காகிதம் தின்பதை விட்டுவிட்டு நாம் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். 000000 முதல் 999999 வரை அதிர்ஷ்டச் சீட்டுகள் எத்தனை?

ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். விநாடிக்கு ஓர் எண் வீதம் ஊண் உறக்கமின்றிப் பார்த்தாலும் பத்து இலட்சம் எண்களுக்குப் பதினொரு நாளுக்கு மேல் ஆகும். நமக்கோ பரீட்சை இருக்கிறது!

ஆகவே சிறியதிலிருந்து தொடங்குவோம். இரண்டு இலக்கங்களின் கூட்டுத்தொகை 0 ஆவது ஒரு வழியில்தான். 1 ஆவது 01, 10 என இரு வழிகளில். இப்படியே ஏறி, 9 ஆவது பத்து வழிகளில். பிறகு ஒவ்வொன்றாக இறங்கி, 18 ஆவது ஒரு வழியில். இந்த வரிசையை எழுதி வைத்துக்கொள்வோம்.

இனி மூன்று இலக்கங்கள். கூட்டுத்தொகை 13 வேண்டும் என்போம். மூன்றாவது இலக்கம் 0 எனில் முதல் இரண்டும் சேர்ந்து 13 ஆக வேண்டும். 1 எனில் 12. இவ்வாறு 9 எனில் 4. அந்த முதல் இரண்டு எவை என்று நாம் கேட்கவே வேண்டாம், அவற்றின் கூட்டுத்தொகை தெரிந்தால் போதும். கணக்கின் உயிரே இதுதான். வழிகளின் எண்ணிக்கையோ முன்பே எழுதிய வரிசையில் இருக்கிறது: 6+7+8+9+10+9+8+7+6+5=75.

இவ்வாறே 0 முதல் 13 வரை கிடைப்பவை: 1, 3, 6, 10, 15, 21, 28, 36, 45, 55, 63, 69, 73, 75. ஒவ்வோர் இலக்கத்தையும் 9-லிருந்து கழித்தால் கூட்டுத்தொகை 13 என்பது 14 ஆகும், 12 என்பது 15 ஆகும். எனவே 14 முதல் 27 வரை இதே எண்கள் தலைகீழாக வரும். எல்லாம் சேர்ந்து 1000 வராவிட்டால் எங்கோ கூட்டலில் பிழை என்று பொருள்.

கூட்டுத்தொகை 13 ஆக இடப்பக்கம் 75 வழிகள், வலப்பக்கமும் 75. ஆக 75×75=5625 சீட்டுகள். இப்படி ஒவ்வோர் எண்ணின் வர்க்கத்தையும் கூட்டினால் விடை 55,252. ஏறத்தாழப் பதினெட்டுச் சீட்டுக்கு ஒன்று! இவ்வளவு தாராளமான அதிர்ஷ்டம் வேறெங்கே கிடைக்கும்?

சிறு விடைகளை எழுதி வைத்துப் பெரிய விடையைக் கட்டும் இம்முறைக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். 1950-களில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் இட்ட பெயர் அது. கம்ப்யூட்டரும் இவ்வழியிலேயே எண்ணுகிறது.

எட்டு இலக்கச் சீட்டானால் அட்டவணையில் இன்னும் ஒரு வரிசை எழுதினால் போதும், விடை 48,16,030. பத்து இலக்கத்துக்கு உரிய விடையை நாம் இங்கே எழுதவில்லை. தோழியரே, பென்சிலை எடுங்கள்!