குளிரைக் குற்றம் சொல்ல வேண்டாம்: பழைய காரின் காலைச் சத்தங்களைக் கண்டறிவது எப்படி

ராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் தை மாதத்துக் காலையில் பழைய கார் ஒன்றை ஸ்டார்ட் செய்தால் முதலில் கேட்பது கடகடப்பு. அடுத்துக் கேட்பது "குளிருக்கு அப்படித்தான்" என்ற சமாதானம். இந்தச் சமாதானம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். குளிர் இருப்பது உண்மைதான்: நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளில் தைக் காலைகளில் தேயிலைக் கொழுந்தில் உறைபனியும் படியும். ஆனால் மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். கொரோலாவும் சனியும் ஜப்பானியக் கார்கள். இரண்டு நாட்டிலும் பனி கொட்டும். வழக்கமாக ஊற்றும் 20டபிள்யூ-50 ஒயிலில் அந்த 20டபிள்யூ என்ற தரமே பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையில் எஞ்சின் சுழலுமா என்று சோதித்துக் கொடுக்கப்படுவது. அப்படிப்பட்ட எஞ்சினை நமது 8, 10 பாகைக் குளிர் சத்தம்போட வைக்காது. குளிர் செய்வது வேறு வேலை. பிஸ்டன் அலுமினியம், அது ஓடும் சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும், ஆறும்போது அதே அளவு சுருங்கும். ஒயில் தடித்து, போய்ச்சேரத் தாமதிக்கும். ஆகவே நடுப்பகலில் மறைந்து கிடக்கும் தேய்மானம் காலையில் வாய் திறக்கிறது.

இதைக் காதால் கண்டறியத்தான் வேண்டுமா, கராஜில் கம்ப்யூட்டரைப் பூட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். கார்புரேட்டர் வைத்த மொரிஸிலும் கொரோலா டீஎக்ஸ் வேகனிலும் அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்ட இடமே இல்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது; அதுவரை இப்படிப்பட்ட பழைய வண்டிகளை வைத்தே காலம் தள்ளியவர்கள் பலர். சரி, கராஜ் பாஸிடமே கொண்டுபோய்க் காட்டலாமே என்றால், அங்கேதான் சிக்கல். மேட்டில் ஏறி, வளைவுகளைக் கடந்து கராஜுக்குப் போய்ச்சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிச் சத்தம் அடங்கிவிடும். அவர் கேட்காத சத்தத்தை அவரால் திருத்த முடியாது. எனவே முதல் இரண்டு நிமிடங்களைக் கேட்க வேண்டியவர் வண்டிக்காரர்தான். சத்தம் எவ்வளவு பெரிது என்பதை விட்டுவிட்டு, எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் நாள் மாலையே காரைச் சமதரையில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கராஜுக்குள் புகை ஆளைக் கொல்லும். காலையில் நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சால்வை, ஸ்வெட்டர் கை, தொங்கும் எதுவும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகக் கூடாது. டிப் ஸ்டிக்கில் ஒயில் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் மற்றச் சோதனை எதற்கும் முன் அதை நிரப்ப வேண்டும். பொனட்டைத் திறந்து வைத்து, கைத்தொலைபேசியில் வீடியோவை ஓடவிடுங்கள். பாஸுக்கு அனுப்ப அதுவே சாட்சி, நேரத்தையும் அதுவே குறித்துவிடும். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஒயில் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்போ வயரோ சுவிட்சோ போயிருக்கிறது. இனி அந்த விளக்கு அணைந்திருப்பதை நம்பிப் பயனில்லை.

இனி ஸ்டார்ட். ஒரே ஒரு 'டக்', அதற்குமேல் ஒன்றுமில்லை என்றால் பெட்டரி முனைகளையும் ஸ்டார்ட்டர் சொலினொயிட்டையும் பாருங்கள். 'டகடகடக' என்று வேகமாகத் துடித்தால் அநேகமாக பெட்டரியில் வலு இல்லை. மோட்டர் 'விர்ர்' என்று தனியே சுற்றினால் அதன் பல் பிளை வீலில் கொளுவவில்லை. 'கறகற' என்று அரைத்தால் பல் தேய்ந்திருக்கிறது. மலையகத்தில் பலர் வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, உருட்டிவிட்டு இரண்டாம் கியரில் ஸ்டார்ட் செய்வார்கள். அந்தப் பழக்கம் இந்தச் சத்தங்கள் அத்தனையையும் மூடிவிடுகிறது. பிரேக் பூஸ்டர் உள்ள கார்களில் எஞ்சின் ஓடாதபோது பிரேக் மிதியும் இறுகும் என்பதால் ஆபத்தும் கூட. பரிசோதிக்கும் நாளிலாவது உருட்ட வேண்டாம்.

எஞ்சின் பிடித்தவுடன் அக்சிலேட்டரை மிதிக்காமல் விளக்கைப் பாருங்கள். இரண்டு மூன்று வினாடிக்குள் அது அணைய வேண்டும். அந்த நேரத்துக்குள் கடகடத்து, விளக்கோடு சேர்ந்து அடங்கும் சத்தம் ஒயில் மேலே போய்ச்சேரும் வரை நீடிக்கும் சத்தம். டைமிங் செயின், ஹைட்ரோலிக் லிப்டர், இரவில் ஒயிலை வடியவிடும் மலிவான பில்டர், இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். முதலில் பில்டரை மாற்றிப் பாருங்கள், செலவு குறைந்தது அதுதான். விளக்கு அணைந்த பின்னும் முன்பக்க மூடிக்குள் செயின் உரசும் ஓசை தொடர்ந்தால் டென்ஷனரைப் பார்த்தாக வேண்டும். முதல் அரை நிமிடத்தில் கீச்சிடுவது பெரும்பாலும் பெல்ட். பெட்டரியை மீண்டும் நிரப்ப ஒல்டர்னேட்டர் கடினமாக இழுக்கும் நேரம் அது. பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தத்தின் குணம் மாறும். மாறவே இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, சில வினாடிகள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஒல்டர்னேட்டர் அல்லது வோட்டர் பம்ப் பெயாரிங் குற்றவாளி.

அதிகம் குழப்புவது 'டிக் டிக்' என்ற மெல்லிய தட்டல். டெப்பட் என்று நினைத்துச் சரிசெய்யக் கொடுப்பவர்களில் சிலரின் வண்டியில் உண்மையான கோளாறு எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் கஸ்கட்டில் இருக்கும். இரண்டும் ஒரே தாளத்தில் அடிப்பதால் காது மட்டும் போதாது. மெனிபோல்ட் கசிவு குளிரில் தட்டி, இரும்பு சூடாகி இறுகியதும் மறையும். அக்சிலேட்டர் கொடுத்தால் பெரிதாகும். இணைப்பின் ஓரத்தில் கரி படிந்திருக்கும். ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஓரிரு வினாடி அடைத்தால் கசிவு சீறும். டெப்பட் சத்தம் சூடான பின்னும் அநேகமாக இருக்கும், மேல் மூடிக்கு அடியிலிருந்து வரும். அதற்கு வால்வு இடைவெளியை அளக்க வேண்டும். மொரிஸ் மைனர் 1000க்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீற்றர், கொரோலாவின் 4கே எஞ்சினுக்குச் சூடான நிலையில் உள்வால்வு 0.20, வெளிவால்வு 0.30. எந்த நிலையில் அளப்பது என்று கேட்காமல் எல்லாக் காருக்கும் ஒரே அளவை வைத்தால் சத்தம் திரும்பி வரும். மிக இறுக்கினால் வால்வு எரியும். சத்தமில்லாத டெப்பட்டை விடச் சற்றே தட்டும் டெப்பட் நல்லது.

அடுத்து 'டொக் டொக்' என்ற கனத்த அடி. இங்கேதான் நேரத்தின் சாட்சி பணத்தைக் காக்கும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்தச் சிலிண்டரில் அடி குறைகிறது என்று பார்ப்பது பழைய முறை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழற்றி, வயரின் முனையை எர்த் செய்து, மீண்டும் ஓட்டிச் சில வினாடி கேளுங்கள். ஓடும்போது வெறுங்கையால் தொடாதீர்கள். ஆனால் தளர்ந்த பிஸ்டனும் சரி, தேய்ந்த கொன்ரொட் பெயாரிங்கும் சரி, இந்தச் சோதனையில் அடங்கித்தான் போகும். சோதனை சிலிண்டரைக் காட்டும், நோயைக் காட்டாது. நோயைக் காட்டுவது சூடு. பிஸ்டன் தட்டல் எஞ்சின் சூடேறச் சூடேறத் தேயும், சில நிமிடத்தில் மறையும். அதோடு ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு. கொன்ரொட் பெயாரிங் நேர்மாறு: ஒயில் சூடாகி இளக இளக அடி தெளிவாகும், வேகம் கொடுத்தால் கூடும், ஐட்லிங்கில் ஒயில் விளக்கும் சிமிட்டத் தொடங்கும். டொல்பின் வான் போன்ற டீசல் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குளிர்ந்த டீசல் தாமதித்துப் பற்றுவதால் காலையில் தட்டுவது இயல்பு. ஒரு சிலிண்டர் மட்டும் விடாமல் தட்டி வெள்ளைப் புகையும் வந்தால் குளோ பிளக், அடுத்து இன்ஜெக்டர் என்று பாருங்கள்.

"தடித்த ஒயில் ஊற்றினால் சத்தம் அடங்குகிறதே?" அடங்கும். தேய்ந்த இடைவெளியைத் தடித்த ஒயில் மெத்தைபோல நிரப்புகிறது. ஆனால் அதே ஒயில் காலையில் மேலே போய்ச்சேர இன்னும் தாமதிக்கிறது. தேய்மானம் கூடுவது அந்தத் தாமதத்தில்தான். கைநூல் சொல்லும் தரத்தை ஊற்றிச் சத்தத்தைக் கேட்பதே மேல். "பத்து நிமிடம் நின்ற இடத்தில் சூடாக்கினால்?" சோக் இழுத்தபடி நிற்கும் எஞ்சினில் கூடுதல் பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிக் கீழே இறக்கி, ஒயிலையே நீர்த்துப்போகச் செய்கிறது. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே ஏற்கெனவே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும். பிளக்கின் கரிய புகைப்படிவு அதைச் சொல்லும். ஒரு நிமிடம் நின்று, சோக்கைப் படிப்படியாக உள்ளே தள்ளி, சிறிய கியரில் மெதுவாகக் கிளம்புங்கள்.

கீச்சு, டிக், சில நிமிடத்தில் மறையும் பிஸ்டன் தட்டல் ஆகியவற்றோடு வீடியோவைக் காட்டிவிட்டு, வசதியான நாளில் கராஜுக்குப் போகலாம். சூடேறியும் கனத்து அடிக்கும் சத்தம், அணையாத ஒயில் விளக்கு, இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். இறக்கம்தானே என்று ராகலையிலிருந்து வலப்பனை வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். பாஸை வண்டி நிற்கும் இடத்துக்கு அழைத்து வாருங்கள்.